கயிறு தின்ற இரும்பு

ஒரு வண்டியில் பெயிண்ட் எங்கெங்கே உரிந்திருக்கிறது என்று பார்த்தால் போதும், அது எதைச் சுமக்கிற வண்டி என்று சொல்லிவிடுவேன். கேரியரின் இரண்டு ஓரக் கம்பிகளிலும் நேருக்கு நேராகத் தேய்மானம் இருந்தால் முட்டை. இரண்டு பக்கமும் கொக்கி மாட்டிய இடத்தில் வளைவாகத் தேய்ந்து, அதற்குக் கீழே வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் பால் கேன். மேல்பக்கம் பெயிண்ட் புதுசாக இருக்க, அடிப்பக்கம் மட்டும் துருவேறிக் கிடந்தால் வெற்றிலை. நனைந்த கட்டிலிருந்து தண்ணீர் இறங்கிக் கம்பியின் அடியில்தான் தொங்கி நிற்கும். சைக்கிளாக இருந்து, நடு பாரில் இரண்டு சாண் நீளத்துக்குப் பெயிண்டே இல்லையென்றால் பெரும்பாலும் இளம்பிள்ளைப் பக்கம் நூலோ சேலை மூட்டையோ கட்டி ஓடிய வண்டி.

புதன்சந்தைப் பக்கம் வெல்டிங்கும் பெயிண்டிங்கும் சேர்ந்த சின்னப் பட்டறை என்னுடையது. வடக்கே ராசிபுரம், தெற்கே நாமக்கல், கிழக்கே சேந்தமங்கலம் தாண்டினால் கொல்லிமலை. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள், திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி கட்டுகிறார்கள். அந்தப் பெரிய வேலையெல்லாம் என்னிடம் வராது. எனக்கு வருவது டி.வி.எஸ். எக்ஸ்.எல்., ஸ்ப்ளெண்டர், எங்கேயோ பரணில் கிடந்து மறுபடி இறங்கிய ஹெர்குலிஸ் சைக்கிள், இப்போது கொஞ்ச காலமாக கியர் சைக்கிள். எல்லாவற்றுக்கும் வியாதி ஒன்றுதான். மேலே எதையோ கட்டுகிறார்கள், கட்டிய இடத்தில் ஃபிரேம் போகிறது.

பாரம் கட்டுவது சைக்கிள் காலத்துப் பழக்கம். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ், ஆள் ஏறிப் போவதற்கான வண்டி. ஆனால் இந்தப் பக்கத்தில் அதில் தனியாக ஆள் மட்டும் போனதை நான் அதிகம் பார்த்ததில்லை. பிறகு 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. மொபெட்டில் இரண்டு பேர் உட்காரலாம் என்பதுதான் அன்றைக்கு அதன் பெருமை. நம்மாட்கள் இரண்டாவது ஆளை இறக்கிவிட்டு அங்கே மூட்டையை உட்காரவைத்தார்கள். 2015-ல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 வந்தது. கம்பெனியே 'ஹெவி டூட்டி' என்று பெயர் போட்டு விற்கும் நிலையும் வந்துவிட்டது. ஊர் கேட்டதை ஓசூர் புரிந்துகொண்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த எக்ஸ்.எல். 100-க்குக் கம்பெனி சொல்லும் சுமை 130 கிலோ. இதில் ஓட்டுகிறவரும் அடக்கம் என்பது பலருக்குத் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பால் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம். 40 லிட்டர் கேன் நிறைந்தால் பால் மட்டும் 41 கிலோ. இரண்டு கேன் என்றால் 82. கேனின் எடையையும் ஓட்டுகிற மனிதரையும் சேர்த்தால் 150-ஐத் தாண்டிவிடும். சொசைட்டிக்குக் காலையிலும் மாலையிலும் இதே பாரம்தான்.

ஆனால் என் பட்டறைக்கு அதிகம் வருவது பால்வண்டி இல்லை. முட்டைவண்டிதான் வருகிறது. இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஒரு அட்டையில் 30 முட்டை. பத்து அட்டை அடுக்கினால் 300 முட்டை. எடை என்று பார்த்தால் பதினாறு பதினேழு கிலோ, ஒரு சின்னப் பையனைவிடக் குறைவு. அப்படியிருந்தும் முட்டைவண்டியின் ஃபிரேம்தான் சீக்கிரம் போகிறது. ஏனென்றால் அடுக்கு உயரம், உயரமானது ஆடும், ஆடினால் உடையும். அதனால் கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டுகிறார்கள். அட்டை அமுங்கிக் கொடுக்கும். நாலு கிலோமீட்டர் போவதற்குள் கயிறு தளர்ந்து, வண்டியின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு நூல் அளவு முன்னும் பின்னும் நகர ஆரம்பிக்கும். பால் கேன் அப்படியில்லை. கனமாகக் கீழே தொங்குகிறது, அதிகம் அசைவதில்லை.

இரும்பைக் கெடுப்பது பாரத்தைவிட ஆட்டம்தான். பழைய கிணற்றுமேட்டில் கயிறு உரசி உரசிக் கருங்கல்லில் விழுந்த பள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கிணற்றிலாவது கயிறு சுத்தமாக இருந்தது. இங்கே கயிற்றோடு ரோட்டுப் புழுதியும் சேர்ந்துகொள்கிறது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் சாதா இரும்பைவிடக் கடினமானது. வண்டியின் பெயிண்ட் படலமோ ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். கயிற்றுக்கும் குழாய்க்கும் நடுவே அகப்பட்ட மணல் அதைக் கரைக்க ஒரு மழைக்காலம்கூடத் தேவையில்லை.

எந்தக் கயிறு என்பதிலும் வித்தியாசம் உண்டு. பஞ்சர் கடையில் வாங்கும் பழைய டியூபை நீளமாக அறுத்துக் கட்டுவதுதான் இங்கே வழக்கம். இழுத்தால் நீளும், விட்டால் பிடிக்கும், காசும் குறைவு. ஆனால் ரப்பர் மெதுவானது. மணல் அதில் பதிந்து உட்கார்ந்துவிடும், உதறினாலும் போகாது. நைலான் கயிறு நனைந்தால் கொஞ்சம் நீளும். காலையில் கட்டியது மழையில் நனைந்து மத்தியானத்தில் தொளதொளவென்று இருக்கும். தேங்காய்நார்க் கயிறு முரடு, நனைந்தால் காய நேரமாகும். லக்கேஜ் கட்டும் நாடா பெல்ட் அகலமாக இருப்பதால் அழுத்தம் பரவும். என்னைக் கேட்டால் அதுதான் நல்லது. ஆனால் ராட்செட் வைத்த பெல்ட்டை சைக்கிள் குழாயில் சுற்றி முழு பலத்தோடு முறுக்காதீர்கள். குழாயே நசுங்கும்.

கயிற்றின் இன்னொரு முனையை எங்கே கட்டுகிறார்கள் என்பதுதான் நான் முதலில் பார்ப்பது. மேல் முனை கேரியரில் இருக்கும். கீழ் முனையைக் கைக்கு எட்டிய இடத்தில், பின் ஃபோர்க்கிலோ சக்கர நட்டுக்குப் பக்கத்திலோ சுற்றிவிடுவார்கள். கேரியர் ஷாக் அப்சார்பருக்கு மேலே இருக்கிற பகுதி. பின் ஃபோர்க் சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிற பகுதி. இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டினால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கயிறு ஒரு தடவை இழுபட்டு ஒரு தடவை தளரும். இப்படிக் கட்டினால் எந்தக் கயிறும் நிற்காது, எந்தப் பெயிண்டும் தாங்காது. மேல் முனை, கீழ் முனை இரண்டும் ஒரே பகுதியில் இருக்கவேண்டும். இந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்ட வண்டிகள் என்னிடம் மறுபடி வருவது பாதியாகக் குறைந்திருக்கிறது.

பெயிண்ட் போனபின் நடப்பது சரக்கைப் பொறுத்தது. சிந்திய பால் சாக்குக்கு அடியில் புளித்து லாக்டிக் அமிலமாகிறது. பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு, உப்புக்குச் சொந்தக்காரன். கிழிந்த மூட்டையிலிருந்து உதிர்ந்த ஒரு கைப்பிடி போதும், காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். பிலிக்கல்பாளையம் சந்தைக்குப் போகும் வெல்ல மூட்டையும் ஈரத்தை இழுக்கிற சாதிதான். கோழி எரு ஏற்றினால் அம்மோனியா. அதற்குச் செம்பு, பித்தளை என்றால் இன்னும் பிரியம். எரு ஏற்றும் வண்டியில் டெயில் லைட் எரியவில்லை என்று வந்தால் ஒயர் முனையைக் கழற்றிப் பார்ப்பேன், நீலப்பச்சையாகப் பூத்திருக்கும். வெற்றிலை பாவம், அதில் எந்த விஷமும் இல்லை, வெறும் தண்ணீர். நூறு இலை ஒரு கவுளி, 104 கவுளி ஒரு சுமை. பரமத்தி வேலூர் ஏலத்துக்கு வாடாமல் போய்ச் சேரவேண்டும் என்று வழியெல்லாம் நனைத்துக்கொண்டே வருவார்கள். இலை வாடாது. கேரியர் வாடும்.

துரு ஒரு பக்கம் என்றால் விரிசல் இன்னொரு பக்கம். துரு கண்ணுக்குத் தெரியும், விரிசல் தெரியாது. பாரம் பின்சக்கர அச்சுக்குப் பின்னால் எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அவ்வளவுக்குக் கேரியர் பிடித்திருக்கும் இடத்தில் நெம்புகோல் வேலை நடக்கும். அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு வெல்டிங் இருக்கும், அல்லது போல்ட் ஓட்டை இருக்கும். இரும்புக்கு அலுப்புத் தட்டுவது எப்போதும் இப்படிப்பட்ட ஓட்டை, மூலை, வெல்டிங் ஓரம் இவற்றில்தான். அங்கே கயிறு வேறு ஒரு வாய்க்கால் வெட்டி வைத்திருந்தால் விரிசலுக்கு வழி கேட்கவே வேண்டாம்.

போன வருஷம் சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு முட்டை வியாபாரி வந்தார். என்னைவிட வயதில் சின்னவர்.

"ஏனுங்கண்ணா, பின்னாடி லேசா கீச் கீச்சுங்குது. கேரியர் போல்ட்டை மட்டும் முறுக்கிக் குடுத்துருங்க, போதும். ஏழு மணிக்குள்ள கடைக்கு முட்டை போடோணும்."

போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. கீச்சென்ற சத்தம் அதிலிருந்து வரவில்லை. கேரியர் கால் ஃபிரேமில் சேரும் இடத்தைத் துணியால் துடைத்து, ஒயர் பிரஷ் போட்டு, கொஞ்சம் மண்ணெண்ணெயைத் தடவினேன். ஐந்து நிமிஷம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸை நொறுக்கித் தூளை மேலே அப்பினேன். மண்ணெண்ணெய் மெல்லிசான எண்ணெய். மயிரிழை விரிசலிலும் இறங்கி ஒளிந்துகொள்ளும், மேலே துடைத்தாலும் உள்ளே இருக்கும். சாக்பீஸ் தூள் அதைத் திரும்ப வெளியே உறிஞ்சும். சிகரெட் ஒன்று பிடிக்கிற நேரத்தில் வெள்ளைத் தூளின் மேல் ஈரமாக ஒரு கோடு எழும்பியது. வெல்டிங் ஓரத்தில் ஆரம்பித்து, கயிறு அறுத்த பள்ளத்தின் வழியே குழாயைக் கால்வாசி சுற்றி வந்திருந்தது.

"இது எப்ப இருந்துங்கண்ணா இருக்குது?" என்றார்.

"கீச்சுங்கறதுக்கு ரொம்ப முன்னாடி இருந்து. இன்னைக்கு முட்டையை ஆட்டோவுல அனுப்பிச்சுருங்க தம்பி."

இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசல் போதும். பெயிண்டுக்கு மேலே செய்தால் பலனில்லை, அந்த ஒரு அங்குலத்துக்குப் பெயிண்டைச் சுரண்டிவிட்டுத்தான் செய்யவேண்டும். விமான இன்ஜினுக்கு இதையே ஒளிரும் சாயமும் வெள்ளைப் பொடியும் கொண்டு செய்கிறார்கள். முறை ஒன்று, பில் மட்டும் வேறு.

விரிசல் தெரிந்தபின் அதன் மேலேயே ஒரு கோடு வெல்டிங் அடித்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. பார்க்க மூடியிருக்கும், உள்ளே விரிசல் அப்படியே இருக்கும். ஒரு மாதத்தில் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே புதுசாகக் கிளம்பும். முறையான வேலைக்கு முதலில் விரிசலின் இரண்டு முனைகளையும் கண்டுபிடித்து, அங்கே 3 மில்லி ட்ரில்லால் ஓட்டை போடவேண்டும். கூர்மையான முனையில்தான் விரிசல் ஓடும், முனை உருண்டையாகிவிட்டால் அதற்கு ஓட இடமில்லை. அதன்பின் விரிசல் நெடுகக் கிரைண்டரால் 'வி' மாதிரி அறுத்துத் திறந்து, அடிவரை வெல்டிங் இறங்கும்படி நிரப்பவேண்டும்.

அதற்கும் முன்னால் செய்யவேண்டியது சில உண்டு. பெட்ரோல் டேங்க்கைக் கழற்றித் தள்ளி வைக்கவேண்டும். காலியாக இருக்கிறது என்று விட்டுவிடக்கூடாது, பெட்ரோல் இல்லாத டேங்க்கில்தான் ஆவி நிறைந்திருக்கும். பேட்டரி ஒயரைக் கழற்றவேண்டும். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கென்று கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது, அதன் சாக்கெட்டையும் பிடுங்கிவிட வேண்டும். எர்த் கிளிப்பை வெல்டிங் நடக்கும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்திலேயே மாட்டவேண்டும். முன்சக்கரத்தில் எங்கேயோ மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாக ஓடி, பால்ரஸ் உருண்டைகளில் பொட்டுப் பொட்டாகக் குழி விழுந்துவிடும். ஃபிரேமைச் சரிசெய்து ஸ்டியரிங்கைக் கெடுத்த கதையாகிவிடும்.

ராடும் முக்கியம். கேட் அடிக்கிற கைக்குப் பத்து கேஜ் ராடுதான் பழக்கம். அது மெல்லிய குழாயில் பட்டால் ஓட்டைதான் விழும். பன்னிரண்டு கேஜ் ராடு, குறைந்த ஆம்பியர், விட்டுவிட்டு அடிக்கவேண்டும். சி.ஓ.2 மெஷின் இருந்தால் இன்னும் சுத்தமாக வரும். முடிந்ததும் சூட்டைக் குறைக்கத் தண்ணீர் ஊற்றாதீர்கள். எல்லோருக்கும் அவசரம், எனக்கும்தான். ஆனால் திடீரென்று குளிர்ந்த இரும்பு விறைத்து, அடுத்த பள்ளத்தில் தெறிக்கும்.

முட்டைக்காரத் தம்பியின் வண்டியில் வெல்டிங்குக்கு மேலே ஒரு தகடும் வைத்தேன். அதற்கு ஒரு வடிவம் உண்டு. குழாயைச் சுற்றி வளையமாகத் தகடு வைத்து இரண்டு ஓரமும் வெல்டிங் அடிப்பது சுலபம், ஆனால் தப்பு. வெல்டிங் சூட்டில் பலம் மாறிய கோடு குழாயைச் சுற்றி ஒரே இடத்தில் விழும், அடுத்த முறை அங்கேயே ஒடியும். தகட்டைச் சாய்சதுரமாக வெட்டி, நீண்ட முனைகள் குழாயின் நீளவாக்கில் வருமாறு வைத்தால் பலம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இறங்கும். கண்ட ஜி.ஐ. பைப் துண்டை அறுத்துத் தகடாக வைக்காதீர்கள். துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் புகையை இழுத்தால் ராத்திரிக் குளிர்காய்ச்சல், வெல்டிங்கும் பொத்தல் பொத்தலாக நிற்கும்.

சைக்கிளுக்கு இதெல்லாம் பொருந்தாது. பழைய ஹெர்குலிஸ், அட்லஸ் ஃபிரேம்களில் குழாய்கள் லக் என்கிற சட்டைக்குள் நுழைந்து பித்தளை ஊற்றி ஒட்டியவை. அங்கே ஆர்க் வெல்டிங் பட்டால் பித்தளை கொதித்துக் கலந்து, விரிசல் முன்பைவிட மோசமாகும். கேஸ் டார்ச், பித்தளைக் கம்பி, வெண்காரம், இவைதான் மருந்து. இரும்பு உருக 1,500 டிகிரி வேண்டும், பித்தளைக்கு ஏறக்குறைய 900 போதும். குழாய் சிவந்ததும் வெண்காரம் கண்ணாடிபோல் உருகி ஓடும், அதன் பின்னாலேயே பித்தளை இடுக்கில் தானாக இழுபட்டுப் போவதைப் பார்க்கலாம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு வெள்ளி ஒட்டுகிறவர்கள் கையாள்வதும் இதே வெண்காரம்தான். கேஸ் வைத்திருக்கும் பட்டறை இப்போது குறைந்துவிட்டது. பித்தளை ஒட்டுத் தெரிந்த கை உங்கள் ஊரில் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

பெயிண்ட் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஒரு டப்பா ஸ்ப்ரே வாங்கித் துருவின் மேலேயே அடித்துவிட்டு வருகிறவர்களிடம் சண்டை பிடித்திருக்கிறேன். துருவைச் சுத்தமாக, வெள்ளி மாதிரி இரும்பு தெரியும்வரை எடுக்கவேண்டும். 120 நம்பர் தாளில் ஆரம்பித்து 320 வாட்டர் பேப்பரில் முடித்து, பழைய பெயிண்டின் ஓரம் விரலுக்குத் தட்டாத அளவுக்குச் சரிவாக்கவேண்டும். தின்னர் போட்டுத் துடைத்தபின் கையால் தொடக்கூடாது, வியர்வையிலும் உப்புதான். அன்றைக்கே பிரைமர். மறுநாள் என்று விட்டால் ராத்திரிப் பனியில் மறுபடி செம்மை பூத்துவிடும். எப்பாக்ஸி பிரைமருக்கு மேல் பி.யூ. பெயிண்ட் அடித்தால் பெட்ரோல் பட்டாலும் கரையாது. பழைய டூகோ கரையும். பி.யூ. அடிக்கும்போது துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது, அதன் ஹார்டனர் நுரையீரலுக்கு ஆகாது, அதற்குரிய மாஸ்க் வேண்டும். குழாயின் உட்பக்கத்தை யாரும் நினைப்பதில்லை. சீட் பக்கத்துத் திறப்பு வழியாகக் கொஞ்சம் லின்சீட் ஆயிலை விட்டு, ஃபிரேமைத் திருப்பித் திருப்பிப் புரட்டிவிட்டால் உள்ளே ஒரு தோல் மாதிரி படிந்து காயும்.

ஆனால் எவ்வளவு நல்ல பெயிண்டும் கயிற்றுக்கு முன்னால் நிற்காது. கயிறு பெயிண்டைத் தொடவே கூடாது. இதற்கு நான் பார்த்ததில் சிறந்த வழியை எனக்குக் காட்டியது ஒரு வெற்றிலைக்கார அக்கா. பொத்தனூர் பக்கம். அவர் வண்டியின் கேரியர் கம்பிகளில் கறுப்பாக ஏதோ போர்த்தியிருந்தது. பார்த்தால் சொட்டுநீர்க் குழாய்! தோட்டத்தில் மிஞ்சிய 16 மில்லி லேட்டரலை நீளவாக்கில் கத்தியால் கீறி, கம்பியின் மேல் கவ்வவிட்டு, இரண்டு முனையிலும் கேபிள் டை போட்டிருந்தார்.

"அக்கா, இது யார் சொல்லிக் குடுத்தது?"

"யார் சொல்லோணும்? கவுளிக்கட்டுல துருக் கறை பட்டா ஏலத்துல விலையைக் குறைக்கறாங்க சாமி. அதான் போட்டேன்."

இரும்பைக் காப்பாற்ற அவர் போடவில்லை. ஆனாலும் கேரியர் புதுசு மாதிரி இருந்தது. கயிறு இனி அந்தக் குழாயோடுதான் உரசும். குழாய் தேய்ந்தால் இன்னொரு துண்டு, காசே இல்லை. கீறல் கீழ்ப்பக்கம் பார்க்க இருக்கட்டும், புகுந்த தண்ணீர் வடிந்துவிடும். ஃபிரேமின் பெரிய குழாய்க்கு இதே மாதிரி தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பி.வி.சி. ஓஸ். பழைய டியூபைச் சுற்றுவது பரவாயில்லை, ஆனால் மாதம் ஒரு தடவை அவிழ்த்துத் துடைக்கவேண்டும். சாக்கைச் சுற்றுவது மட்டும் வேண்டாம். அது பாதுகாப்பு மாதிரித் தெரியும், உள்ளே எப்போதும் ஈரம் குடிவைத்திருக்கும்.

கட்டுவதற்கு நாமக்கல்காரர்கள் வேறெங்கும் பாடம் கேட்கப் போகவேண்டாம். தார்ப்பாய் கட்டுகிற எந்த லாரி கிளீனரும் போடும் முடிச்சு போதும். கயிற்றின் நடுவிலேயே ஒரு கண் விட்டு, முனையை அதன் வழியே மடக்கி இழுத்தால் கப்பி மாதிரி இரட்டைப் பலம் கிடைக்கும். அவிழ்ப்பதும் ஒரு சுண்டில் நடக்கும். கனமானது கீழே, முன்னால், ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பக்கத்தில். எக்ஸ்.எல்.-இல் கால் வைக்கிற தளத்தில் பாதி பாரத்தை வைத்தாலே பின் கேரியரின் ஆயுள் கூடும். புறப்பட்டு இரண்டு மூன்று கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்தி மறுபடி இழுத்துக் கட்டுங்கள், அதற்குள் சரக்கு அமுங்கித் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். கயிற்று வால் தொங்கக் கூடாது. அது செயினில் சிக்கினால் ஃபிரேமைப் பற்றிக் கவலைப்பட ஆள் இருக்கமாட்டார். இன்னொன்று, சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்து மூட்டை ஏற்றுவதை விட்டுவிடுங்கள். மொத்தப் பாரமும் அந்த ஒரு காலின் வெல்டிங்கில் இறங்குகிறது.

பாரம் என்றதும் ஞாபகம் வருகிறது. 1954-ல் வியட்நாமில் தியன் பியன் ஃபூ போரில் பிரெஞ்சுப் படையைச் சுற்றி வளைத்தவர்களுக்கு அரிசியும் குண்டும் காட்டு வழியே போனது பெருமளவு சைக்கிளில். ஒரு சைக்கிளுக்கு 200 கிலோவும் அதற்கு மேலும் ஏற்றினார்கள். யாரும் ஏறி ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தார்கள். ஹேண்டில்பாரில் ஒரு மூங்கில், சீட் கம்பியில் ஒரு மூங்கில் செருகி அதைப் பிடித்துத் தள்ளினார்கள். ஃபிரேமுக்கு மரமும் இரும்பும் வைத்து முட்டுக்கொடுத்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் மூட்டைகள் பின்னால் உயரமாக அடுக்கியிருக்காது, இரண்டு பக்கமும் தாழ்வாக, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் தொங்கும். நம் முட்டைக்காரர்கள் பார்க்கவேண்டிய படம்.

இப்போது கியர் சைக்கிள் பிள்ளைகள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கும், காரவல்லி வழியாக எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைக்கும் போகிறார்கள். கேரியர் வைத்தால் அழகு போய்விடும் என்று பையை நேராக ஃபிரேமிலேயே வெல்க்ரோ போட்டுக் கட்டுகிறார்கள். இறங்கி வரும்போது பட்டை பட்ட இடமெல்லாம் மங்கி, சிலதில் உலோகமே தெரியும். அது அலுமினியம், சிவப்பாகத் துருப்பிடிக்காது, அதனால் பயப்படுவதில்லை. இரும்புக்கு ஒரு குணம் உண்டு. ஓர் அளவுக்குக் கீழே எத்தனை லட்சம் தடவை குலுக்கினாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அந்த எல்லை இல்லை, ஒவ்வொரு குலுக்கலும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். அதில் பட்டை அறுத்த பள்ளம் விரிசலுக்கு விதை. அலுமினிய ஃபிரேம் ஒடிந்தால் என்னிடம் கொண்டுவராதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவேன். டிக் வெல்டிங்கில் ஒட்டலாம், ஒட்டியும் தருவார்கள். ஆனால் 6061 மாதிரி அலுமினியத்தில் வெல்டிங் சூடு பட்ட பகுதி ஏறக்குறைய பாதி பலத்தை இழக்கும். ஃபிரேமை முழுசாக உலையில் வைத்துப் பதப்படுத்தினால்தான் அது திரும்பும், அந்த வசதி ரோட்டோரப் பட்டறையில் கிடையாது. கார்பன் ஃபிரேமில் நாடா கட்டலாம், இரும்பு கிளாம்பு போட்டு முறுக்கக் கூடாது.

இவர்களுக்கு ஏற்ற மருந்து கார்களுக்கு ஒட்டும் பி.பி.எஃப். ஃபிலிம். பாலியூரித்தேன் தாள். ஹெலிகாப்டர் விசிறி விளிம்பை மணல் அரிக்காமல் இருக்க ஒட்டியதிலிருந்து வந்த சமாச்சாரம். கார் கடையில் வெட்டி மிஞ்சிய துண்டைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். பயணத்துக்கு முன்னால், பெயிண்ட் சுத்தமாக இருக்கும்போது ஒட்டவேண்டும். புழுதியின் மேல் ஒட்டினால் மணலைப் பெயிண்டோடு சேர்த்துச் சிறைவைத்த மாதிரிதான்.

எல்லாவற்றையும் ஒட்ட முடியாது. ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துக் குழாயில் விரிசல், ஃபிரேம் குழாய் பாதிக்கு மேல் அறுந்தது, தட்டினால் துரு உள்ளிருந்து கொட்டுவது, இந்த மூன்றுக்கும் நான் கை வைப்பதில்லை. கழுத்து போனால் முன்சக்கரமே தனியாகப் போகும். பெரும்பாலான இரண்டு சக்கர வண்டிகளில் சேஸ் நம்பர் அடித்திருப்பதும் அந்தக் கழுத்துப் பகுதியில்தான். கிரைண்டர் அதன் மேல் ஓடினால் வண்டி ஆர்.சி.-யோடு ஒத்துப்போகாது, திருட்டு வண்டி என்று நிறுத்தினால் பதில் சொல்ல முடியாது. ஃபிரேமை மாற்றுவது என்றால் வாங்கிய பில்லோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.-யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பழைய இரும்புக் கடையில் கிடைத்த ஃபிரேமில் இன்ஜினைத் தூக்கி வைத்துக் கொடுங்கள் என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.